அடித்துவிட்ட எடைகள்

குழந்தை பால் கக்கினால் யாரும் பயப்படுவதில்லை. "கக்குற பிள்ள கனக்கும்" என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மட்டாஞ்சேரியிலும் அக்கம்பக்கத்தார் அதையேதான் மலையாளத்தில் சொன்னார்கள். என் மகள் உமா பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து கக்கினாள், கனக்கவில்லை.

அவளுக்கு இப்போது நான்கு வயது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கைக்குழந்தைக்கு இதே தொந்தரவு வந்திருக்கிறது. "அக்கா, நீங்க என்னென்ன செஞ்சீங்க, வரிசையா எழுதித் தாங்க" என்று கேட்டாள். வரிசையாக எழுதுவது எனக்கு வரும். ஆனால் எழுத உட்கார்ந்தபோது, செய்தவற்றைவிடத் தப்பாகச் செய்தவையே முதலில் நினைவுக்கு வந்தன. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நோய். வாயிலிருந்து வயிற்றுக்குப் பால் இறங்கும் குழாயின் அடியில், சுருக்குப் பையின் வாயைப்போல ஒரு தசை இருக்கிறது. பால் இறங்கியதும் அது மூடிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு அது தளர்ந்திருக்கும். அப்போது பால் மேலே ஏறி வரும். தனியாக வராது, வயிற்றிலுள்ள அமிலத்தையும் கூட்டிக்கொண்டு வரும். அந்த அமிலம் குழாயின் உட்புறத்தைச் சுடும். பசியோடு குடிக்கத் தொடங்கிய குழந்தை நான்கு மிடறு குடித்ததும் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அலறுவது அதனால்தான். ரிஃப்ளக்ஸ் என்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது லேசாக வந்து, உட்காரும் வயதில் தானாகப் போய்விடும். சிலருக்குப் போகாது. எந்தக் குழந்தை எந்த வகை என்பதை எடைதான் சொல்லும். எடை ஏறினால் காத்திருக்கலாம். ஏறாவிட்டால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. பிரசவம் பார்த்த நர்ஸ் இதை எனக்கு முதலிலேயே சொல்லி அனுப்பினார். தெரிந்துகொண்டே தவறினேன்.

நான் நாகர்கோவில்காரி. வேதியியலில் டிப்ளமா முடித்து, கல்யாணத்துக்குப் பிறகு கொச்சியில், மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து, எடை போட்டு, உலர்த்தி, மறுபடி எடை போட்டு, ஈரம் எவ்வளவு என்று சொல்வது என் வேலை. அங்கே எங்களிடம் இரண்டு நோட்டுகள் உண்டு. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது ரஃப் நோட்டு. ஓர் எண் மற்றவற்றோடு சேராமல் விலகி நின்றால், அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் புது மாதிரி எடுப்போம். சரியாக வந்த எண்களை மட்டும் ஃபேர் நோட்டில் எழுதுவோம். வெளியார் பார்ப்பது ஃபேர் நோட்டை மட்டும்தான். ஆறு வருடம் இதைச் செய்து செய்து, எனக்கு இது வேலைமுறையாகத் தோன்றவில்லை, ஒழுக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

என் கணவர் சண்முகம் பஜாரில் ஓர் அரிசிக் கிடங்கில் மேஸ்திரி. கிடங்குக்கு மேலேயே எங்கள் வீடு. நான் படிக்கும்போதே என் அம்மா இறந்துவிட்டதால், பிரசவத்துக்குத் துணையாக என் கணவருடைய அக்கா தென்காசியிலிருந்து வந்தார். பெயர் பேச்சியம்மாள், எனக்கு மதினி. கணவரை இழந்தவர், பிள்ளை இல்லாதவர். பீடி சுற்றித் தம்பியை வளர்த்தவர். பீடிக் கம்பெனியில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று தூளை எடை போட்டுக் கொடுப்பார்களாம். தராசுக்காரன் கொஞ்சம் குறைத்திருந்தாலும் மதினி கையில் வாங்கிய உடனே சொல்லிவிடுவார் என்று என் கணவர் பெருமையாகச் சொல்வார்.

உமாவை நாளெல்லாம் இடுப்பிலும் தோளிலும் வைத்திருந்தவர் மதினிதான். எனக்குக் குழந்தை பால் குடிக்கும் நேரத்தில் மட்டும் கிடைப்பாள். கக்கியபின் அவர் வாங்கிக்கொள்வார். ஈரத்துணிகளை மழைக்காலத்தில் எங்கே உலர்த்துவது என்று தெரியாமல் கிடங்கின் அரிசி மூட்டைகளுக்கு மேலே கயிறு கட்டி உலர்த்தினோம். முதலாளி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கிடங்கு திறப்பதற்கு முன் கீழே போய், தட்டுத் தராசில் பிரம்புக் கூடையை வைத்து, உமாவைக் கிடத்தி எடை பார்ப்போம். கணவர் படிக்கல்லை ஒவ்வொன்றாக வைப்பார். நான் ரஃப் நோட்டில் குறிப்பேன். எண் எதிர்பார்த்தபடி வராவிட்டால், காலை உதைத்திருப்பாள், தட்டு ஆடியிருக்கும் என்று அதை அடித்துவிட்டு, அவள் அடங்கட்டும் என்று பால் கொடுத்து மறுபடி போட்டுப் பார்ப்பேன். சரியாக வந்ததை ஃபேர் நோட்டில் ஏற்றுவேன். பரிசோதனைக் கூடத்தில் செய்வதைப்போலத்தான்.

மூன்றாம் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் மதினி சொன்னார். "ஏட்டி கலா, பிள்ள கனம் கொறஞ்சிருக்கு."

"இல்ல மதினி. முந்தாநேத்துதான் எடை போட்டோம். நாப்பது கிராம் கூடியிருக்கா."

"கூடியிருந்தா என் இடுப்புக்குத் தெரியாதா? போன வாரம் இதுல கெடந்த பிள்ள இல்ல இது. காத்தா இருக்கா."

"உங்க இடுப்பு என்ன தராசா?"

"ஆமா, ஒன் தராசு பிள்ளைய ராத்திரியெல்லாம் தூக்கிச் சொமந்துச்சாக்கும்!"

இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

முதலில் பார்த்தது பஜாரிலேயே இருந்த டாக்டரை. அவர் வெளியில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "கக்காத்த குட்டி உண்டோ?" என்று கேட்டு, வாயுவுக்குச் சொட்டு மருந்து எழுதினார். சொட்டு மருந்தையும் உமா கக்கினாள். பிறகு படகில் எர்ணாகுளம் போய், பெரிய மருத்துவமனையில் குழந்தைகள் டாக்டரைப் பார்த்தோம். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம்; காத்திருந்த நேரத்தில் மூன்று முறை கக்கினாள். பக்கத்திலிருந்த ஒரு பெண் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, "திருப்பித் தரண்டா" என்றாள், திருப்பித் தர வேண்டாமாம். உள்ளே போனதும் நான் ஃபேர் நோட்டை நீட்டினேன். தேதி, நேரம், குடித்தது, கக்கியது, எடை என்று ஐந்து பத்திகள், அளவுகோல் வைத்துப் போட்ட கோடுகள்.

அவர் கடைசிப் பத்தியை மட்டும் விரலால் மேலிருந்து கீழே தடவினார். "வெயிட் கூடுந்நுண்டல்லோ," என்றார். எடை கூடிக்கொண்டுதானே இருக்கிறது என்று அர்த்தம். "சின்ன உடம்பு. மெதுவா ஏறும்." பிறகு என் கணவரைப் பார்த்து, "குட்டிக்கு ஒண்ணும் இல்ல. அம்மாவுக்குத்தான் படிப்பு கூடிப்போச்சு. இந்த நோட்டைப் பூட்டி வைங்க," என்று சிரித்தார். எழுந்திருக்கும்போது ஒன்று மட்டும் கேட்டார்: வீட்டில் நாட்டு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா?

இல்லை என்றேன். எனக்குத் தெரிந்து இல்லை.

மறுநாள் மதியம் கண்ணயர்ந்து எழுந்தபோது, மதினி கால்களை நீட்டி உட்கார்ந்து அவற்றின்மேல் உமாவைப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உரைகல். சுட்ட வசம்பை உரைத்து எடுத்த கறுப்பு விழுதை விரல் நுனியால் அவள் நாக்கில் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன மதினி இது? எத்தன நாளா நடக்கு?"

"கோவப்படாத. வயிறு மந்தமா இருக்குன்னு நாலு நாளாத்தான். ஒரு சொட்டுதான் தடவுதேன்."

ஏழு வாரமாக யார்மேலும் சாற்ற முடியாமல் வைத்திருந்த பயத்துக்கு அந்த ஒரு கணத்தில் ஓர் இடம் கிடைத்தது. குழந்தையைப் பறித்து எடுத்தேன். "நீங்கதான் பிள்ள வயித்தக் கெடுத்தது. இனி இவளத் தொடாதீங்க. பெத்திருந்தாத்தான தெரியும் உங்களுக்கு," என்றேன்.

நான் குரலை உயர்த்தவில்லை. எப்போதும்போலத் தெளிவாகவே சொன்னேன். அதனால் அவர் காதில் சரியாக விழவில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

மதினி உரைகல்லைக் கழுவி அடுக்களையில் கவிழ்த்து வைத்தார். விரல்களை முந்தானையில் துடைத்தார். மறுநாள் காலையில், பீடிக் கம்பெனியில் வேலை அட்டையை ரத்து செய்துவிடுவார்கள், போக வேண்டும் என்று தம்பியிடம் சொன்னார். கணவர் என்னைப் பார்த்தார், நான் தடுக்கவில்லை. அக்காவைக் கொல்லம் வரை கூட்டிக்கொண்டு போய்ச் செங்கோட்டை ரயிலில் ஏற்றிவிட்டு வந்தார்.

வசம்பு நின்றது. கக்கல் நிற்கவில்லை.

அடுத்த பதினொரு நாட்களை ரஃப் நோட்டில் இப்போது பார்த்தால், கையெழுத்தே மாறிக்கொண்டு போவது தெரிகிறது. குடித்தது ஐந்து நிமிடம்; கக்கியது மூன்று முறை. குடித்தது மூன்று நிமிடம், அழுகை ஒரு மணி நேரம். மூக்கு வழியாக வந்தது. மூச்சில் கரகரப்பு. அழுகைக்குச் சத்தம் இல்லை. கணவர் ஒருநாள் கிடங்கிலிருந்து மேலே வந்து குழந்தையைத் தூக்கி, வெகுநேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, "அக்கா சொன்னது சரிதானோ கலா?" என்றார். "எண் அப்படிச் சொல்லல," என்றேன்.

கரகரப்பு கூடியதும் மீண்டும் எர்ணாகுளம் போனோம். ஜலதோஷம் என்றார்கள். திரும்பி வரும் படகில் உமா கக்கினாள், பால் மூக்கிலும் வந்தது, இருமினாள், உதடு ஒரு கணம் நீலமாகிப் பிறகு தெளிந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த சேச்சி ஒருவர் எழுந்து வந்து குழந்தையை என் தோளில் நிமிர்த்திச் சாய்த்து முதுகைத் தட்டினார். மருத்துவமனை ஆயா உடுப்பு. மேரி என்று பேர் சொன்னார்.

"மோளே, இது வெறும் கக்கல் அல்லா. மூக்குல கூடி வந்நது கண்டோ? குஞ்ஞு பட்டினியா."

"ரெண்டு டாக்டர் பாத்தாச்சு சேச்சி."

"பார்த்தாங்களோ, கேட்டாங்களோ?"

போர்ட் கொச்சியில் தான் வேலை செய்யும் சிறிய மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்றார். "அவங்க பத்துப் பேரப் பாக்கும்போ உச்சயாகும். எல்லாரும் திட்டும், நானும் திட்டும். ஆனா போ."

பத்துப் பேரைப் பார்ப்பதற்குள் நண்பகல் ஆகிவிடும் டாக்டர். அந்த ஒரு குறைக்காகவே போனோம்.

மறுநாள் எங்கள் முறை வந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மதராசில் படித்தவராம். "எனக்குத் தமிழ் கொறச்சு அறியும். தப்பு வந்தா சிரிச்சோ," என்றார். நான் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ சொல்லண்டா. இப்ப பால் கொடு. நான் பாக்கறேன்."

"இங்கேயா?"

"இங்க. நான் எங்கயும் போகல."

நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டுக்கொண்டார். கதவை மூடச் சொன்னார். வெளியில் ஆட்கள் முணுமுணுப்பது கேட்டது. உமா குடித்தாள், வளைந்தாள், அலறினாள். பன்னிரண்டாவது நிமிடத்தில் கக்கினாள், இருபதாவது நிமிடத்தில் மீண்டும் கக்கினாள். டாக்டரம்மா தன் கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம். அவரும் எழுதுகிறார் என்பதைப் பார்த்தபோதுதான் முதன்முதலாக எனக்குக் கண் கலங்கியது.

பிறகு நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். முகம் மாறியது. "நோட்டு ஏதாவது வச்சிருக்கியா?" என்றார். ஃபேர் நோட்டைக் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒரு பக்கத்தையும் தாண்டவில்லை.

"இது ரொம்ப அழகா இருக்கு மோளே. ஒரு வெட்டு இல்ல, திருத்து இல்ல. இதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. முதல்ல எழுதினது எவிடெ?"

பையின் அடியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதில் பால் கறை, மசி கறை, அடித்தல்கள். ஞாயிற்றுக்கிழமைகளாகப் பார்த்து, கோடு போட்டு அடித்த எண்களை மட்டும் பென்சிலால் தன் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். மூன்று கிலோ எண்ணூறு. மூன்று எண்ணூற்று இருபது. மூன்று எண்ணூறு. மூன்று எழுநூற்று எழுபது. அதன் பக்கத்தில் ஃபேர் நோட்டின் எண்கள். அவை சீராக ஏறிப் போயின. இவை ஒரே இடத்தில் நின்று, கடைசியில் இறங்கின.

"இத அடிச்சப்புறம் என்ன செய்தாய்?"

"பால் கொடுத்துட்டு மறுபடி எடை போட்டேன்."

நான் சொன்னதை நானே கேட்கும்வரை அவர் காத்திருந்தார்.

"நீ எடை போட்டது பாலை," என்றார் மெதுவாக. "அரை மணிக்கூறுல அந்தப் பால் உன் தோள்ல இருந்திருக்கும்."

ஒரு மாதம். ஒரு மாதமாக என் குழந்தை வளரவில்லை. கடைசியில் மெலிந்தும் போனாள். பார்த்த டாக்டரை நம்பவிடாமல் செய்தது என் சொந்தக் கையெழுத்து.

"குழந்த மெலிஞ்சு போச்சுன்னு யாரும் சொல்லலையா?"

"என் மதினி சொன்னாங்க. தூக்கிப் பாத்தே சொன்னாங்க."

"நல்ல கை. அவங்க எவிடெ?"

"ஊருக்குப் போயிருக்காங்க," என்றேன். பொய் அல்ல.

"வசம்பு கொடுத்தாங்க டாக்டர். அதனால..."

"அது காரணம் அல்ல. கொடுக்கவும் வேண்டாம். ஆனா அது காரணம் அல்ல." இரண்டு முறை சொன்னார். அப்புறம் ரஃப் நோட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "நீ பொய் எழுதல மோளே. பயந்து எழுதியிருக்க. இனி அடிக்காம எழுது. பாக்கிய நாம ரெண்டு பேரும் பாத்துக்கலாம்."

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். நெஞ்சிலிருந்த கரகரப்பு ஜலதோஷமில்லை. மேலே ஏறிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய், நுரையீரலின் ஒரு பக்கத்தில் நிமோனியாவாகியிருந்தது. ஊசி மருந்து தொடங்கினார்கள். அந்தச் சிறிய தொடையில் மாறி மாறி இடம் தேடுவார்கள். முதல் மூன்று நாள் டாக்டரம்மா எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. "இன்னைக்கு உள்ளத இன்னைக்குப் பாக்கலாம்," என்பார். நான் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு எழுபது, எழுபத்திரண்டு, அறுபத்தெட்டு. எதையும் அடிக்கவில்லை. அடுத்த கட்டிலில் வயிற்றுப்போக்கு கண்ட பேரனோடு இருந்த பாத்திமாத்தா, தன் வீட்டிலிருந்து வந்த கஞ்சியில் பாதியை என் தட்டில் ஊற்றிவிட்டு, "எண்ணிக்கோ, குடிச்சிட்டு எண்ணிக்கோ" என்பார்.

காய்ச்சல் இறங்கிய பிறகு எக்ஸ்ரே. அதற்கு எர்ணாகுளம் போக வேண்டியிருந்தது. மேரிச் சேச்சி கூட வந்தார். சுண்ணாம்புக் கரைசல்போல வெள்ளையாக ஒரு திரவத்தைப் புட்டியில் குடிக்க வைப்பார்கள். பேரியம் என்று பெயர். எக்ஸ்ரேயில் அது தெரியும். இருட்டு அறையில், திரையில், என் மகளின் வயிற்றுக்குள் அது இறங்குவதையும், தேங்குவதையும், பிறகு வந்த வழியே திரும்பிக் கழுத்துவரை ஏறுவதையும் பார்த்தேன். இரண்டரை மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு திரை அரை நிமிடத்தில் சொல்லிவிட்டது.

மருத்துவம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. பாலைக் கறந்து, அரிசி மாவு சேர்த்துக் காய்ச்சிக் கெட்டியாக்கி, இரண்டு மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது. அமிலத்தைத் தணிக்கும் வெள்ளை மருந்து. குடித்தபின் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே வைத்திருப்பது. துணித்தொட்டில் கூடவே கூடாது, அது குழந்தையை மடித்து வயிற்றை அமுக்கும். இவை உமாவுக்கு அன்று சொன்னவை. உன் குழந்தைக்கு உன் டாக்டர் சொல்வதைச் செய்.

நிமிர்த்தி வைக்க ஒரு சாய்வு இருக்கை வேண்டும் என்றார் டாக்டரம்மா. அப்படி ஒன்று கடையில் கிடைக்காது. நான் அறுபது டிகிரி சாய்வில் படம் வரைந்து கொடுத்தேன். கணவர் பழைய தேயிலைப் பெட்டியின் பலகையை அறுத்து, இழைத்து, மறுநாள் சாயங்காலம் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். முதுகுப் பலகையில் மெத்தென்று துணி வைத்துத் தைத்திருந்தார். மதினி விட்டுப் போயிருந்த பழைய சுங்குடிச் சேலை. "வீட்டுல மெதுவான துணி இதுதான் இருந்துச்சு," என்றார், என்னைப் பார்க்காமல். உமா முதன்முறையாக, குடித்ததில் பெரும்பகுதியை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு அந்தச் சேலையில் சாய்ந்து தூங்கினாள்.

எடை தினமும் காலை ஆறு மணிக்கு. வெறும் வயிறு, வெறும் உடம்பு. டாக்டரம்மா தானே வந்து நிற்பார். ஒரே ஒரு முறை. வருவதுதான் எண். முதல் நாட்களில் இறங்கியது, பிறகு நின்றது, பிறகும் நின்றது. ஒன்பதாம் நாள் இருபது கிராம் கூடியது. டாக்டரம்மா பேனாவை என்னிடம் நீட்டி, "நீயே எழுது," என்றார். அந்த எண் கோணலாக இருக்கிறது. அதை ஃபேர் நோட்டில் ஏற்றவில்லை. அதற்குப் பிறகு ஃபேர் நோட்டே இல்லை.

பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அன்றே மதினிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மதினிக்கு எழுத்து தெரியாது. கடிதம் போனால் பக்கத்து வீட்டுப் பெண் பீடி சுற்றும் பத்துப் பேர் நடுவில் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் அந்த வார்த்தையைப் பற்றி எழுத வேண்டும். இன்னொருத்தியின் வாயால், ஆட்கள் முன்னால், மதினி அதைத் திரும்பக் கேட்க வேண்டும். நான்கு தாளைக் கிழித்தேன். கடைசியில், "நீங்கள் சொன்னதுதான் சரி, குழந்தை கனம் குறைந்துதான் இருந்தாள், இப்போது தேறி வருகிறாள், நீங்கள் வர வேண்டும்" என்று மட்டும் எழுதினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையெழுத்தில் கார்டு வந்தது. உமா தேறியது அறிந்து சந்தோஷம். தம்பி வேளாவேளைக்குச் சாப்பிடவும். அவ்வளவுதான். "அக்கா வரமாட்டா," என்றார் கணவர். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

உமாவின் முதல் பிறந்தநாளுக்குத் தென்காசி போனோம். அதற்குள் கக்கல் பெருமளவு நின்றுவிட்டது, பிடித்துக்கொண்டு நிற்பாள். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எடை பார்த்தால் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த மாதம் நான் எடை பார்க்கவில்லை. தேதி மட்டும் எழுதி, எடைப் பத்தியைக் காலியாக விட்டு, நோட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மதினி தூக்கிப் பார்த்து ஓர் எண் சொல்ல வேண்டும், அவர் முன்னாலேயே அதை நான் எழுத வேண்டும் என்று ரயிலெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். வாயால் கேட்க முடியாத மன்னிப்பை அப்படிக் கேட்டுவிடலாம் என்று.

மதினி ஒற்றை அறை வீட்டின் வாசலருகே, மடியில் முறத்தோடு, பீடி சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். முகம் மலரத்தான் செய்தது. "வா சம்முவம். வாம்மா," என்றார். என்னை அவர் அதுவரை "ஏட்டி" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

குழந்தையை நீட்டினேன். கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "கையெல்லாம் பொகையிலத் தூளு. பிள்ளைக்கு ஆகாது."

"கழுவிட்டு வாங்க மதினி."

போனார். கொல்லைப்புறத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது. உள்ளங்கை சிவக்கத் தேய்த்துக் கழுவியிருந்தார். அப்படியும் அவராக வாங்கவில்லை. நான்தான் உமாவை அவர் கையில் வைத்தேன். இடுப்பில் ஏற்றிக்கொள்ளவில்லை, கக்கத்துக்கு அடியில் பிடித்து, தன் உடம்பில் படாமல், ஒரு கணம் தூக்கி நிறுத்தினார். உமா அவர் மூக்குத்தியைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"எவ்வளவு இருப்பா மதினி? சொல்லுங்க," என்றேன். நோட்டு என் கையில் திறந்திருந்தது.

மதினி அவளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது, அவர் கை அந்த எண்ணைப் பிடித்துவிட்டது என்பது அவர் முகத்தில் எனக்குத் தெரிந்தது. பிறகு குழந்தையைப் பத்திரமாக என் கையில் திருப்பி வைத்தார்.

"நீ தராசுல போட்டுப் பாத்திருப்பியேம்மா," என்றார்.

முறத்தை மடியில் இழுத்துக்கொண்டு, இலையை எடுத்து, தூளை வைத்துச் சுற்றத் தொடங்கினார்.

அந்த நோட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று வருடத்து எடைகளும் அதில் இருக்கின்றன. அந்த ஒரு தேதிக்கு எதிரே மட்டும் எதுவும் இல்லை.